ஒரு சொல்லின் எடை 7 ஆண்டு

பயங்கரமான காரியங்களைச் சொல்ல ஆங்கிலத்தில் அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல தேய்ந்துபோன நாணயங்கள். ஒரு காலத்தில் தெய்வத்தின் முன் நடுங்கவைக்கும் பிரமிப்பைக் குறித்த 'ஆஃபுல்', இன்று ஆறிப்போன காபிக்குப் போதுமானதாகிவிட்டது. அச்சத்தில் பிறந்த 'டெரிஃபிக்' பாராட்டாகவே மாறிவிட்டது. தமிழிலும் இதே கதைதான். பஸ் வராவிட்டாலும் கொடுமை, கரண்ட் போனாலும் கொடுமை.

இந்தத் தேய்மானத்துக்கு ஏறக்குறைய தப்பிய சொல் ஒன்று உண்டு: 'ஹேனஸ்'. கோர்ட் வளாகங்களிலும் டி.வி. விவாதங்களிலும் இதைப் பலர் 'ஹீனஸ்' என்று உச்சரிக்கிறார்கள். 'ஹீனம்' என்ற வடசொல் காதில் ஒட்டிக்கொண்டதன் விளைவோ என்னவோ. இரண்டுக்கும் உறவில்லை. வெறுப்பைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது 'ஹேனஸ்'. புயலும் பூகம்பமும் எத்தனை ஆயிரம் பேரைக் கொன்றாலும் அவற்றுக்கு இந்த அடைமொழி பொருந்தாது. அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மனம் வேண்டும். கேட்பவருக்கு அருவருப்பும் ஆத்திரமும் ஒருசேர எழ வேண்டும்.

ஆக, இது உணர்ச்சியை அளக்கும் சொல். இதை ஆண்டுக் கணக்கில் அளக்க முற்பட்டது இந்தியப் பாராளுமன்றம்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி சிதைக்கப்பட்ட வழக்கில் சிக்கிய 6 பேரில் ஒருவனுக்கு 18 வயது நிரம்பச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அன்றைய சட்டப்படி அவனுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, அதுவும் சிறப்பு இல்லத்தில். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்த அதே வாரத்தில், நாடு கொதித்துக்கொண்டிருக்க, புதிய சிறார் நீதிச் சட்டத்தை ராஜ்யசபா நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது அமலுக்கு வந்தது. 16 வயது நிரம்பியவர்கள் 'ஹேனஸ்' குற்றம் செய்திருந்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கப்படலாம் என்றது.

எது 'ஹேனஸ்'? குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றங்கள் என்று சட்டம் விளக்கம் தந்தது. அதிகபட்சம் அல்ல, குறைந்தபட்சம். வம்பு தொடங்கியது இந்த இடத்தில்தான்.

1860இல் உருவான இந்தியத் தண்டனைச் சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்கு உச்ச வரம்பை மட்டும் சொல்லிவிட்டு, கீழ் வரம்பை நீதிபதியின் விவேகத்துக்கு விட்டது. விளைவு விசித்திரமானது. கொலை, பாலியல் பலாத்காரம், ஆசிட் வீச்சு ஆகியவை 'ஹேனஸ்' பட்டியலில் வருகின்றன. அதில் யாருக்கும் சச்சரவில்லை. ஆனால் கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றாலும் குறைந்தபட்சம் இல்லை. எனவே அது 'ஹேனஸ்' அல்ல. கொள்ளையடிக்கும்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 ஆண்டு. அது 'ஹேனஸ்'. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா மூட்டையைச் சுமந்து வரும் 17 வயதுப் பையனுக்கும், அவனை அனுப்பிய முதலாளி யாரென்றே தெரியாவிட்டாலும், குறைந்தபட்சம் 10 ஆண்டுக்கான பிரிவுதான்.

2016 ஏப்ரலில் டெல்லியில் சொகுசுக் கார் ஒன்று 32 வயது இளைஞரை மோதிக் கொன்றது. ஓட்டியவனுக்கு 18 வயதாக ஒருசில நாட்களே பாக்கி. கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்று வழக்கு. சிறார் நீதி வாரியம் இதை 'ஹேனஸ்' என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 2020 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. சட்டத்தில் 'குறைந்தபட்சம்' என்ற சொல் இருக்கும்போது அதைக் கண்டும் காணாமல் விட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இத்தகைய குற்றங்கள் அடுத்த படியான 'கடுமையான' குற்றங்களில் சேரும் என்றது. 2021 சட்டத் திருத்தமும் அதையே எழுதிவைத்தது.

2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, 17 வயதுப் பையனை 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது நாட்டையே ஆத்திரப்படுத்தியது. அவனைப் பெரியவனாக விசாரிக்கக் கோரிய போலீஸ், நடந்தது 'ஹேனஸ்' என்று வாதிட்டது. 2025 ஜூலையில் வாரியம் மறுத்துவிட்டது. தெருவில் பேசப்படும் 'ஹேனஸ்' வேறு, சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு.

இந்த இடைவெளியில் யாரும் எதிர்பாராமல் விழுந்தவர்கள் காதலர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணின் சம்மதம், போக்சோ சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. பாலியல் உறவு நிரூபணமானால் 7 ஆண்டாக இருந்த குறைந்தபட்ச தண்டனை 2019இல் 10 ஆண்டாக உயர்ந்தது. பெண்ணுக்கு 16 வயது ஆகாவிட்டால் 20 ஆண்டு. பிளஸ் டூ படிக்கும் இருவர் ஓடிப்போய், பெண்ணின் அப்பா போலீசுக்குப் போனால், 17 வயதுப் பையன் மீது விழுவது 'ஹேனஸ்' குற்றம்தான். வெறுப்பில் பிறந்த சொல் விருப்பத்தின் மீதும் பாய்கிறது.

அவனை நேராகப் பெரியவர்கள் வரிசையில் நிறுத்திவிட முடியாது என்பது உண்மை. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் கொண்ட வாரியம், குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு தெரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று 3 மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். வாரியத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மதிப்பீடு பாதகமாகப் போனால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுகிறவனுக்குத் தூக்கு கிடையாது. ஆனால் 21 வயதில் சிறைக்கு மாற்றப்படலாம். மற்றச் சிறார்களின் வழக்குப் பதிவுகள் காலப்போக்கில் அழிக்கப்படுகின்றன. அந்தச் சலுகை இவனுக்கு இல்லை.