லினக்ஸில் கேம் ஓடுமா?



“லினக்ஸா? அதுல கேம் எதுவும் ஓடாதுடா!” கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு காலத்தில் இது பெரும்பாலும் உண்மைதான். இன்று அப்படி இல்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சரி, வின்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். நல்லா ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இவை கிடையாது. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் வீட்டில் தம்பி, தங்கச்சி கேட்கும் முதல் கேள்வி, “அப்போ என் கேம்?” என்பதுதான்!

ஏன் நேரடியாக ஓடாது?

பிராசசருக்கு வின்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் பேதம் கிடையாது. கூட்டு, கழி, ஒப்பிடு என்ற கட்டளைகள் இரண்டிலும் ஒன்றேதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேம் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ‘இந்த ஃபைலைத் திற’, ‘இந்தச் சத்தத்தை எழுப்பு’, ‘இந்தக் காரை வரை’ என்று ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். வின்டோஸ் கேம் வின்டோஸ் பாஷையில் கேட்கும். லினக்ஸுக்கு அந்தப் பாஷை புரியாது. படம் வரையச் சொல்லும் பாஷைக்கு டைரக்ட்3டி என்று பெயர். லினக்ஸில் அந்த வேலைக்கு இருப்பவை ஓப்பன்ஜிஎல், வல்கன் என்ற இரண்டும்.

காசிக்குப் போன தாத்தா

தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாத்தா காசிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடைக்காரருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். தாத்தாவுக்கு டீ கிடைக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று: காசியிலேயே நம்ம ஊர்த் தெருவை செட் போட்டு, தமிழ் பேசும் ஆளையும் உட்கார வைப்பது. செலவு அதிகம், வேலையும் மெதுவாக நடக்கும். ‘எமுலேட்டர்’ என்பது இதுதான். ஒரு முழு மெஷினையே இன்னொரு மெஷினுக்குள் போலியாகக் கட்டுவது.

இரண்டு: கூடவே இந்தி தெரிந்த பேரனை அனுப்புவது. தாத்தா தமிழிலேயே கேட்பார், பேரன் இந்தியில் சொல்வான், டீ வந்துவிடும். தாத்தாவும் மாற வேண்டாம், கடைக்காரரும் மாற வேண்டாம். லினக்ஸில் நடப்பது இந்த இரண்டாவது வழி!

முதல் பேரன்: வைன்

இந்த மொழிபெயர்ப்பு மென்பொருளின் பெயர் வைன். ‘வைன் ஒரு எமுலேட்டர் அல்ல’ என்று பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அதன் பெயர். 1993-இல் தொடங்கியது. 1.0 பதிப்பு வந்ததோ 2008-இல். பதினைந்து வருஷம்! மைக்ரோசாஃப்டின் உள் ரகசியத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்பது அவர்கள் விதி. சின்னச் சின்ன சோதனை புரோகிராம்கள் எழுதி, வின்டோஸில் ஓட்டி, ‘இப்படிக் கேட்டால் அது என்ன பதில் சொல்கிறது?’ என்று பார்த்துப் பார்த்துத்தான் பெரும்பகுதியைக் கட்டினார்கள்.

ஆனால் படம் வரைவதில் வைன் திணறியது. டைரக்ட்3டியை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றும்போது இரண்டு பாஷைகளும் சரியாகப் பொருந்தவில்லை. புதிய கேம்கள் பல மெதுவாக ஓடின, சில ஓடவே இல்லை.

ஒரே ஒரு கேமுக்காக...

2016-இல் வல்கன் வந்தது. கிராபிக்ஸ் கார்டிடம் கிட்டத்தட்ட நேரடியாகப் பேசும் பாஷை இது. ஃபிலிப் ரெபோலே என்ற புரோகிராமருக்கு ‘நியர் ஆட்டோமேட்டா’ என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசை. அதற்காக டைரக்ட்3டி 11-ஐ வல்கனுக்கு மாற்றும் மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். அதுதான் டிஎக்ஸ்விகே!

அது வேலை செய்யும் விதம் ரொம்ப சுவாரஸ்யம். வின்டோஸில் டி3டி11 என்ற பெயரில் ஒரு டிஎல்எல் ஃபைல் இருக்கும். அதே பெயரில் டிஎக்ஸ்விகே தன்னுடைய ஃபைலை வைத்துவிடும். கேம் அதை மைக்ரோசாஃப்ட் ஃபைல் என்றே நினைத்துக் கேட்கும். உள்ளே அது வல்கனாக மாறிப் போகும்.

ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் இதைக் கவனித்தது. ரெபோலேக்கு ஊதியம் தந்தது. வைன், டிஎக்ஸ்விகே இரண்டையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் ‘புரோட்டான்’ என்று வெளியிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. அதில் வின்டோஸ் கேம்களை ஓட்டுவது புரோட்டான்தான். டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி-புரோட்டான் என்ற இன்னொரு பேரனும் உண்டு. 2005-இல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்’ போன்ற டைரக்ட்3டி 9 கேம்களை டிஎக்ஸ்விகேயே பார்த்துக்கொள்ளும்.

முதல் தடவை ஏன் திக்குகிறது?

தாத்தா டீ கேட்டால் உடனே சொல்லிவிடலாம். கையில் நாலு பக்க சமையல் குறிப்பைக் கொடுத்து, “இதன்படி சமைக்கச் சொல்லு” என்றால்? பேரன் உட்கார்ந்து முழுவதையும் இந்தியில் எழுத வேண்டும். அதுவரை அடுப்பு காத்திருக்கும். கேமில் அந்தச் சமையல் குறிப்புக்கு ஷேடர் என்று பெயர். ஒளி, நிழல், தண்ணீர், புகை எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் குட்டி புரோகிராம். புது ஷேடர் வரும்போது படம் ஒரு கணம் நின்று நகரும். எழுதியதைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த தடவை வேகமாகப் போகும். ஆகவே முதல் அஞ்சு நிமிஷம் திக்கினால் உடனே ‘வேஸ்ட்’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இதையும் கவனியுங்கள்!

1. டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். உங்கள் கிராபிக்ஸ் சிப் பழசு என்றால் பழைய 1.10 பதிப்பையோ, வைனின் ஓப்பன்ஜிஎல் வழியையோ முயலலாம்.

2. ஸ்டீமில் வாங்கிய கேமுக்கு, அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி என்று போய் புரோட்டானைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற கேம்களுக்கு லூட்ரிஸ், ஹீரோயிக் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஆன்லைனில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள்தான் காரணம். வேலரன்டின் காவலாளி வின்டோஸின் கெர்னலுக்குள்ளேயே உட்காருவான். பேரன் கடை வாசலில் நின்று பேசுபவன், வீட்டின் அஸ்திவாரத்தை மாற்ற அவனால் முடியாது. வேறு சில காவல் மென்பொருள்கள் 2021 முதல் லினக்ஸில் வேலை செய்ய வழி தந்தன. அதை அனுமதிப்பதும் மறுப்பதும் கேம் தயாரித்தவர்கள் கையில்.

4. ‘லினக்ஸ்தானே, வைரஸ் வராது’ என்று திருட்டு கேம் போடாதீர்கள். வைன் ஒரு வேலி அல்ல. அதில் ஓடும் கெட்ட புரோகிராம் உங்கள் போட்டோக்களையும் ப்ராஜெக்ட் ஃபைலையும் தொட முடியும்.

நிறைவாக...

நண்பர்களே, ரெபோலே ஒரு கேம் ஓடவில்லை என்று புலம்பிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று கேட்டார். விடையை எல்லோரும் படிக்கும்படி திறந்தும் வைத்தார். அதனால் இன்று, குப்பைக்குப் போக வேண்டிய கம்ப்யூட்டரில் ஒரு தம்பி கார் ஓட்டுகிறான். அந்த புரோகிராம் வரிகளை இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அதில் ஒரு வரி நம்ம பள்ளியிலிருந்து போகக்கூடாதா என்ன?

அதனால் வீட்டில் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்றால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்!

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு