சிப்பி உடைக்கும் மீன்

கேரளத்தில் கரமனை ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, கோவளம், விழிஞ்ஞம் பாறைகளில் ஆட்கள் மூழ்கிச் சிப்பி பெயர்த்தெடுப்பார்கள். கையில்லாத மீன் என்ன செய்யும்? 2009-இல் பசிபிக் தீவு நாடான பலாவில் உயிரியலாளர் ஜாக்கோமோ பெர்னார்டி அதைப் படம்பிடித்தார். ராஸ் குடும்பத்து மீன் ஒன்று செவுள் மூடியைப் படாரென மூடி, பீறிட்ட தண்ணீரால் மணலை விலக்கிச் சிப்பியை வெளியே எடுத்தது. கவ்விக்கொண்டு நீந்திப் போய், தோதான பாறையாகப் பார்த்து, தலையைப் பக்கவாட்டில் வெட்டி வெட்டி, ஓடு பிளக்கும்வரை எறிந்தது. 20 நிமிடத்தில் மூன்று சிப்பி காலி! கல்லையே தூக்காதபோது இதைக் கருவியைப் பயன்படுத்துவது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்போரும் உண்டு. தேங்காயைக் கல்லில் அடித்து உடைக்கும் நாம் அப்படிக் கேட்கலாமா? இதே மீனினம் இலங்கைக் கடலிலும் வாழ்கிறது.