கடலில் பங்கு பிரிக்கும் வித்தை

வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும் தியாகராய நகர்வாசியிடம், அந்த மீனைப் பிடிக்கும் பாத்தியதையையே வீட்டுமனையைப் போல விலைக்கு வாங்கவும் விற்கவும் செய்கிற தேசங்கள் உண்டென்று சொன்னால் நம்பமாட்டார். ஐஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் அது நடைமுறைச் சட்டம். கடலில் மீன் எவ்வளவு இருக்கிறதென்று நிபுணர்கள் கணித்து, இந்த வருஷம் இத்தனை டன்னுக்கு மேல் பிடிக்கலாகாது என்று சர்க்கார் வரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் இன்னாருக்கு இத்தனை சதவிகிதம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவதால், பிறர் வாரிக்கொள்ளுமுன் நாம் வாரிவிட வேண்டுமென்று படகையும் இயந்திரத்தையும் பெருக்கிக்கொண்டே போகும் விபரீதப் போட்டிக்கு அவசியமில்லாமல் போகிறது.

ஆனால் விற்கக்கூடிய பங்கு, பணமுள்ள இடத்தில் போய்ச் சேருவது லோக சுபாவம். முதலில் பங்கு பிரிப்பதிலேயே தகராறும் உண்டு. நியூசிலாந்தில் 1986-இல் இம்முறை வந்தபோது, பூர்வகுடிகளான மாவோரிகள், தங்கள் கடலைக் கேளாமலே கூறுபோட்டுவிட்டார்கள் என்று வழக்காடினார்கள். 1992-இல் ஏற்பட்ட சமரசச் சட்டத்தால் அவர்களுக்கு ஓரளவு பரிகாரம் கிடைத்தது.

நம் கரையின் விஷயம் வேறு. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் ஒரே வலையில் சங்கராவும் காரப்பொடியும் வாளையும் கலந்து ஏறுகின்றன. அவை மணலிலேயே இறங்கி, தராசு காணாமலே கூறு கட்டிக் கைமாறிவிடுகின்றன. ஆகையினால்தான் 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் மீனை எண்ணாமல், படகையும் இடத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடப்பதும் அவ்வகைக் கட்டுப்பாடே.

நிர்வாகிகள் பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறையையும் சற்றே கவனிக்கலாம். அங்கே இறால் கிடைக்கும் துறைகளைப் பட்டினவர் என்னும் மீனவ சமூகத்தாரின் குப்பங்கள் தமக்குள் முறை வைத்துச் சுழற்றிக்கொள்கின்றன. நல்ல துறை ஒருவனுக்கே நிலைப்பதில்லை. முறைக்குள் பிறவாதவனுக்கு அதில் இடமில்லை என்பது பெருங்குறைதான். எனினும், பங்கு முறை இங்கே வருமானால், அது தனிமனிதன் பெயரிலன்றிக் குப்பத்தின் பெயரில், விற்க முடியாததாக அமைவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு முன்னே கணக்கு வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சில துறைகளில் சில நாட்கள் பார்த்து மொத்த மகசூலை மதிப்பிடுகிறார்கள். அம்மதிப்பீடு கடலின் நிலையை அறியப் போதும். ஒருவன் தன் பங்குக்கு மேல் பிடித்தானா என்று தீர்ப்பதற்குப் போதாது.