சாரதி இருக்கையும் சீனி வருத்தமும்

லண்டனில் எம்மவர் செய்யும் தொழில் என்றதும் பெற்றோல் நிலையமும் பலசரக்குக் கடையும்தான் உடனே நினைவுக்கு வரும். உள்ளூர் பஸ் ஓட்டுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒழுங்கான சம்பளம், ஓய்வூதியம் என்று பார்த்தால் நல்ல வேலைதான். உடம்புக்கு எப்படி என்பதை இம்முறை பார்ப்போம்.

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே முதலில் பதில் சொன்னவை லண்டன் பஸ்கள்தான். ஜெரி மொறிஸ் என்ற வைத்தியர் லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் இருதய நோய் விபரங்களை ஆராய்ந்து 1953இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே தெரு. ஆனால் இருந்தபடி ஓட்டும் சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி ரிக்கற் கொடுத்த நடத்துனர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. ஒரு நடத்துனர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படி ஏறினாராம். பின்னர் 1956இல் இவர்களின் சீருடை அளவுகளையும் மொறிஸ் எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் காற்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனானவர்கள் என்பதும் தெரியவந்தது. ஆகவே பழி முழுவதையும் இருக்கையின் மேல் போட முடியாது.

பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழமையான சேவையிலிருந்து எடுக்கப்பட்டதோடு ரிக்கற் கொடுக்கும் நடத்துனரும் போய்விட்டார். மிஞ்சியது சாரதி இருக்கை மட்டும்தான். 50 கிலோமீற்றருக்கு உட்பட்ட உள்ளூர்ச் சேவையில் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் வரை ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. தொடர்ந்து ஐந்தரை மணித்தியாலம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. அந்த அரை மணிக்குள் மலசலகூடம், தேநீர், சாப்பாடு எல்லாம் முடியவேண்டும். பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இது நல்ல பழக்கமல்ல.

எமக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தென்னாசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே, பெரிய பருமன் இல்லாமலே வருகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினாலே கவனம் தேவை. காற்சட்டை அளவை நம்பாமல் தொப்புள் மட்டத்தில் நாடா பிடித்து அளவுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்சட்டை போடுபவருக்கு அளவு எப்போதும் 34தான்!

சீனி வருத்தம் வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, இரத்தப் பரிசோதனைக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. வைத்தியர் இன்சுலின் என்றதும் "கொஞ்சம் பொறுங்கோ டொக்டர்" என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. இந்தப் பயத்துக்கு முன்பு காரணம் இருந்தது. ஆனால் 2011 முதல், இன்சுலின் எடுப்பவர்களும் நிபந்தனைகளுடன் பஸ் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கலாம். கடந்த 12 மாதங்களில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சீனி இறங்கியிருக்கக் கூடாது. இறங்கும்போது அதை உணரக்கூடியவராக இருக்கவேண்டும். ஓடத் தொடங்குவதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள்ளும், பிறகு 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் சீனியைப் பார்த்துப் பதிவு வைத்திருக்க வேண்டும். வருடந்தோறும் நிபுணரிடம் காட்டவும் வேண்டும்.

மாத்திரை மட்டும் எடுக்கும் பஸ் சாரதியும் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்கவேண்டும். கார் மட்டும் ஓட்டுபவருக்கான விதி வேறு. கூட்டாளி சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறிவிக்காவிட்டால் 1000 பவுண் வரை தண்டம் வரலாம். தண்டத்தை விடுங்கள், பின்னால் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். மெற்போமின் தனியே எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல, அது இறக்கும். எந்த மாத்திரை என்பதைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நித்திரையும் முக்கியம். லண்டன் பஸ் சாரதிகள் பற்றி லவ்பறோ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது தூக்கத்தோடு போராடி ஓட்டுவதாகச் சொன்னார்கள். அதிகாலை 'டியூட்டி', அடுத்த கிழமை பின்னிரவு என்று மாறிமாறி வந்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்? பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், பகலில் கண் சொக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். குறட்டை விடுபவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்லவேண்டும். முறையான சிகிச்சையால் குணம் கண்டு திரும்பவும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தடிமன், தும்மலுக்குப் போடும் சில மாத்திரைகளும் தூக்கம் தரும். மருந்துக்கடையில் "நான் பஸ் ஓட்டுகிறேன்" என்று சொல்லி வாங்குங்கள்.

சாப்பாட்டில், இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து கோப்பை நிறையச் சோறு போட்டு அப்படியே படுப்பதுதான் பெரிய கேடு. பிரதான சாப்பாட்டை வேலைக்கு முன்னரே முடித்துவிட்டு, ஓய்வு நேரத்துக்குக் கடலை, அவித்த முட்டை, பழம் கட்டிக்கொடுக்கலாம். றோல்ஸ், பற்றிஸ் சனிக்கிழமைக் கொண்டாட்டத்துக்கு இருக்கட்டும். பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் இறங்கி ஒருமுறை பஸ்ஸைச் சுற்றி நடக்கலாம்.

இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் குளுக்கோஸ் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், டிப்போ லொக்கரில் அல்ல. சீனி 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டுங்கள். 4க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை எடுத்து, இருக்கையை விட்டு எழும்பி, கட்டுப்பாட்டு அறைக்கு அறிவியுங்கள். சீனி 5க்கு மேல் வந்த பிறகும் 45 நிமிடம் பொறுத்துத்தான் திரும்ப ஓட்டலாம்.