வழுக்காத ஒரு தரை

2016ஆம் ஆண்டு என் மகளுக்குப் பதினான்கு வயது. 2009இல் எறிகணை விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். கிளிநொச்சியில் நாங்கள் மீளக்குடியேறிய காணியில் வீடும் மலசலகூடமும் கிடைத்தன, குளிப்பறை கிடைக்கவில்லை. கிணற்றடியில் நான்கு தடி நட்டுக் கிடுகால் மறைத்திருந்தேன். குளிக்கும்போது செயற்கைக் காலைக் கழற்ற வேண்டும். சேற்றில் ஊன்றுகோல் வழுக்கும். ஆகவே நானே அவளைப் பிடித்துக் குளிப்பாட்டி வந்தேன்.

ஒருநாள் அவள், "அம்மா, இனி நான் தனியக் குளிக்கவேணும்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

சீட்டுக் காசு கையில் இருந்தது. மறைப்புக்குப் பழைய தகரம் இருந்தது. எந்தத் தரை போடுவது என்பதுதான் யோசனையாயிற்று.

கடையில் முதலில் காட்டியது, குளிப்பதற்கென்றே வார்த்த பிளாஸ்ரிக் தட்டு. பார்க்க அழகு. ஆனால் விளிம்பு நான்கு அங்குல உயரம். ஒற்றைக் காலுடன் அதைத் தாண்டுவது எப்படி? அடியில் சரியான தாங்கல் இல்லாவிட்டால் பாரத்தில் வெடித்தும்விடும். விலையும் எட்டவில்லை.

அடுத்தது ரைல்ஸ். மகளின் ஊன்றுகோலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பளபளப்பான ரைல்ஸ் ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஊன்றுகோலை வைத்துப் பார்த்தேன். சறுக்கிக்கொண்டு போனது. கடைக்காரத் தம்பியும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் சீமெந்துத் தரை என்று முடிவு செய்தேன். ஐந்தடிக்கு நான்கடி அறைக்கு 50 கிலோ சீமெந்துப் பை இரண்டு போதுமாயிருந்தது.

நிலத்தை இடித்து இறுக்கி, சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற கணக்கில் கலந்து மூன்று அங்குலத் தடிப்பில் கொங்கிறீற் போட்டேன். கைப்பிடியைத் தகரத்தில் பொருத்தினால் கழன்றுவிடும். ஆகவே இரும்புக் குழாய்களை முன்கூட்டியே நிலத்தில் ஆழ நட்டு, கொங்கிறீற்றோடு சேர்த்து இறுக்கினேன். ஒன்றரை அடி உயரத்தில் இருந்து குளிக்க ஒரு திண்ணையும் கட்டினேன். வாசலில் படி வைக்கவில்லை.

ஒரு பிழை விட்டேன். மேற்பூச்சை ஒரே மட்டமாக இழைத்து, மினுங்கத் தேய்த்தும்விட்டேன். தண்ணீர் மூலையில் தேங்கியது. சில கிழமைகளில் பாசி பிடித்தது. பூச்சைக் கொத்தி எடுத்து, கழுவி, சீமெந்துக் கரைசல் பூசி மறுபடி செய்தேன். இம்முறை அடிக்குக் கால் அங்குலம் வீதம் வாய்க்கால் பக்கம் சரிவு வைத்தேன். பூச்சு இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே மெதுவாக இழுத்தேன். அந்தச் சொரசொரப்புத்தான் காலைப் பிடித்து வைக்கிறது. ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் காயவிடாமல் வைத்திருந்தேன்.

சகோதரிகளே, நீங்களும் செய்வதானால் சில விடயங்களைக் கவனியுங்கள். சீமெந்து தோலைப் புண்ணாக்கும், கையுறை போடுங்கள். கழிவுநீரைக் கிணற்றுப் பக்கம் விடாமல் தூரத்தே வாழைப் பாத்திக்கு அனுப்புங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு நீர் வெகு சுலபமாகக் கிணற்றுக்குப் போய்விடும். செயற்கைக் காலைக் கழற்றி வைக்க, நனையாத இடத்தில் ஒரு தட்டு வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். எந்தத் தரையானாலும் சவர்க்காரம் படிந்தால் வழுக்கும்.

முதல் நாள் மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியில் நின்றேன். விழுந்துவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நீங்கள் போங்கோ அம்மா" என்றாள் உள்ளே இருந்து.

நான் அடுப்படிக்குப் போனேன்.