‘ஆர் சொன்னது?’ என்று கேட்டால் எங்களிடம் என்ன இருக்கிறது?

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ‘அப்பா, உங்கட ஊரில ஏன் சண்டை வந்தது?’ என்று முதலில் தகப்பனிடம் கேட்பதில்லை. கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. தேடினால் பெரும்பாலும் முன்னுக்கு வந்து நிற்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற் பந்தி. ‘நீங்கள் சொன்னது ஒரு மாதிரி, இதில இருக்கிறது இன்னொரு மாதிரி’ என்று பிள்ளை சொல்லும்போதுதான் எங்கட ஆக்களுக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கனடாவில் வேலை முடிந்து வந்து, இரவில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று பல வருடமாக விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறவன் நான். சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. கலியாண வீட்டில் இதைச் சொல்லிவிட்டால் போதும், யாராவது பிடித்துக்கொள்வார்கள். ‘தம்பி, உதில எங்களைப் பற்றி இருக்கிறதெல்லாம் பொய். நான் போய் மாத்தினனான். அஞ்சு நிமிசத்தில பழையபடி வந்திட்டுது. திரும்பத் திரும்ப மாத்தினன். கடைசியில என்னையே தடை செய்துபோட்டாங்கள்.’

தடை செய்ததற்குக் காரணம் அவர் தமிழர் என்பதல்ல. ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர்களின் எழுத்தை இல்லாமல் செய்தால், ஆராய் இருந்தாலும் தடை வரலாம். நீங்கள் மாற்றியது சரியா பிழையா என்பது அங்கே கேள்வியே இல்லை. இது அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பந்தியை எழுதும் இடத்தில் வேறு எதை வைத்துச் சண்டையை நிறுத்துவது?

அங்கே நீதிமன்றம் மாதிரி ஒரு நடுவர் குழுவும் இருக்கிறது. 2004இல் வேலையைத் தொடங்கியது. அதில் இருப்பவர்களும் தொண்டர்கள்தான். பலர் நினைப்பதுபோல, எந்தச் சரித்திரம் உண்மை என்று அந்தக் குழு தீர்ப்புச் சொல்வதில்லை. யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டும் விசாரிக்கும். 2009இல் சயன்டோலொஜி திருச்சபைக்குச் சொந்தமான இணைய முகவரிகளிலிருந்து யாரும் எழுதக்கூடாது என்று தடை போட்டது இந்தக் குழுதான். அந்த மதம் நல்லதா கெட்டதா என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போ உள்ளடக்கத்தை ஆர் தீர்மானிக்கிறது? ஜெரூசலேம் கட்டுரையின் கதையைச் சொன்னால் விளங்கும்.

‘ஜெரூசலேம் இஸ்ரேலின் தலைநகரம்’ என்று முதல் வரியில் எழுதலாமா என்பதற்காக ஏறத்தாழப் பத்து வருடம் சண்டை. இஸ்ரேல் தன் தலைநகரம் என்கிறது, நாடாளுமன்றமும் அங்கேதான் இருக்கிறது. பலஸ்தீனரும் அதைத் தங்கள் தலைநகரம் என்கிறார்கள். உலக நாடுகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கவில்லை. 2012 கடைசியில் நடுவர் குழு ஒரு வழி செய்தது. எல்லோரும் கட்டுப்பாட்டோடு ஒரு விவாதம் நடத்துங்கள், இந்தச் சண்டையில் சம்பந்தப்படாத மூன்று பேர் முடிவைக் கணிக்கட்டும், அந்த முடிவு மூன்று வருடத்துக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றது. 2013இல் முடிவு வந்தது. முதல் வரியில் தலைநகரம் என்ற சொல்லே இல்லை. மலையில் இருக்கும் மிகப் பழைய நகரம், மூன்று மதங்களுக்குப் புனிதமானது என்று தொடங்கி, இரு தரப்பும் அதைத் தலைநகரம் என்று உரிமை கோருகின்றன, எந்த உரிமையும் பரவலாக ஏற்கப்படவில்லை என்று பிறகுதான் வந்தது. ஒருவருக்கும் முழுச் சந்தோசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ‘இது பொய்’ என்று சொல்ல முடியாத வசனம் அது.

எண்ணிக்கையால் வெல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு நபிகள் நாயகம் பற்றிய கட்டுரையைக் காட்டலாம். அதில் உள்ள பழைய ஓவியங்களை எடுக்கச் சொல்லி 2008இல் பெரிய இணைய மனு ஒன்று ஓடியது. 2012இல் பொது விவாதம் வைத்தார்கள். படங்கள் எடுபடவில்லை. விரும்பாதவர்கள் தங்கள் திரையில் மட்டும் மறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. மனுவில் கையெழுத்து வைப்பது எங்கட ஆக்களுக்கும் மிகப் பிடித்த வேலை என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி எங்கட விசயம். 2006, 2007 காலத்தில், போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோதே, ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. சிங்களவர், தமிழர், இரண்டிலும் சேராதவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த உடன்பாட்டின் மையம், எந்த மூலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான். தரப்புச் சார்ந்த மூலம் ஒன்றைப் பாவிப்பதென்றால், அது யாருடைய பக்கம் என்பதையும் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நெற்றுக்கும் அதுதான், பாதுகாப்பு அமைச்சின் தளத்துக்கும் அதுதான்.

தமிழ்நெற்றுக்கு முன்னால் ஒரு அடைமொழி போடுவது அவமானம் என்று அப்போது நினைத்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விதியால்தான், பொதுமக்கள் இழப்பு இல்லாமல் நடத்திய நடவடிக்கை என்று அரசாங்கம் சொன்னது ‘அரசாங்கம் சொன்னது’ ஆகவே நிற்கிறது, உண்மை என்று நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில், இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது வரும். 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்று 2012இன் ஐ.நா. உள்ளக மீளாய்வு சொன்னது வரும். 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை கேட்டது வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் சொந்தக்காரர் உண்டு. ‘லட்சக்கணக்கில் கொன்றார்கள்’ என்று மொட்டையாக எழுதினால், அந்த வரியை அழிக்க ஒரு நிமிசம் காணும். ஆயரின் பெயரோடு நிற்கும் எண்ணை அழிக்கிறவர் காரணம் சொல்ல வேண்டும்.

‘பயங்கரவாதி’ என்ற சொல்லிலும் இதே கதைதான். அந்தச் சொல்லைக் கட்டுரையின் சொந்தக் குரலில் எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கிறது விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு. புலிகளை இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், பிரித்தானியா 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் பட்டியலிட்டன என்று எழுதலாம். வாசிக்கும் பிள்ளை, ஏன் அந்தந்த வருடங்கள் என்று தானே யோசிக்கும்.

கோயில் விசயம் இதைவிடச் சிக்கல். திருகோணமலையை எடுங்கள். மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரை கட்டிய இடங்களில் ஒன்றாக மகாவம்சம் கோகண்ணத்தைச் சொல்கிறது. கோகண்ணம் என்பது திருகோணமலைதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஒரே செய்தி, இரண்டு பக்கமும் அதையே காட்டுகிறது. ‘பாருங்கோ, எங்கட விகாரை இருந்தது’ என்கிறார் ஒருவர். ‘அதுக்கு முன்னம் எங்கட கோயில் இருந்திருக்கு, நீங்களே சொல்லுறியள்’ என்கிறார் மற்றவர். இதற்கு முடிவு, மகாவம்சம் சொல்வதை மகாவம்சம் சொல்வதாகவே எழுதுவது. அதன் பிறகு தேவாரம் பாடப்பட்டது, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது என்று ஆதாரம் உள்ளவற்றை வரிசையாக வைப்பது. யார் முதலில் வந்தார்கள் என்ற தீர்ப்பை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துதான் போவார்.

ஆனால் இந்த முறை எல்லோருக்கும் ஒரே மாதிரி நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். வெளியிடப்பட்ட, நம்பகமான மூலம் வேண்டும் என்பது விதி. வெளியிடுவது யார்? அரசாங்கங்கள், பல்கலைக்கழகங்கள், பெரிய பத்திரிகைகள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன ஒரு சனத்திடம், ‘மூலம் எங்கே, பக்க எண் எங்கே’ என்று கேட்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முள்ளிவாய்க்காலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் சொல்வது அங்கே மூலம் ஆகாது. ஒரு ஆய்வாளரோ ஊடகவியலாளரோ அதைப் பதிந்து வெளியிட்டால்தான் ஆகும். இதில் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

அதற்காக, ‘எங்கட மொழியில எங்களுக்கெண்டு எழுதிவிட்டுப் போவோம்’ என்பதும் சரிவராது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துக்காக நடந்த விவாதங்களுக்கு அளவே இல்லை. ஆனால் 2009 பற்றி எழுதும்போது எதிர்த்துக் கேட்கச் சிங்கள வாசகர் ஒருவரும் அங்கே இல்லை. அது வசதியாக இருக்கிறது, அந்த வசதிதான் எனக்குப் பயம். குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவை ஒரு தேசியவாதக் கும்பல் ஏறக்குறையப் பத்து வருடம் கையில் வைத்திருந்தது. எதிர்த்தவர்களைத் தடை செய்தார்கள், பாசிச அரசின் குற்றங்களை மழுப்பினார்கள். 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளையே அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்த மொழி விக்கிப்பீடியாவின் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

ஆகவே கலியாண வீட்டில் என்னைப் பிடிக்கிற அண்ணைமாரிடம் நான் இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்: ‘அண்ணை, வீட்டில பழைய புத்தகம் என்ன இருக்கு?’ ஊர்க் கோயிலின் கும்பாபிசேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், 31ஆம் நாளுக்கு அடித்த கல்வெட்டு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்படிப்பட்டவற்றைத்தான் தேடித் தேடி மின்வடிவில் சேர்த்து வருகிறது. கோயில் மலர் ஒன்றை வைத்துக் கோயில் ஈராயிரம் வருடப் பழமை என்று எழுத முடியாது. அந்த மலர் எந்த ஆண்டு வந்தது, அப்போது யார் தர்மகர்த்தா, எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தார்கள் என்பதற்கு அதைக் காட்டலாம். காணிப் பிரச்சினை, பெயர் மாற்றிய ஊர் என்று வரும்போது, அந்தச் சின்ன விசயங்களைத்தான் மற்றப் பக்கம் கேட்கிறது.

ஒருவர் தன் நிலவறையில் இரண்டு பெட்டி இருக்கிறது என்றார். மனிசி போன வருடமே குப்பையில் போடச் சொன்னாவாம். வருகிற சனிக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.