நெற்பயிர் நோயறிதலில் நுண்ணோக்கிக் காமிராவை ஒழுங்கு செய்யும் முறை

காவேரியின் கடைமடையாகிய தரங்கம்பாடி வட்டத்தில், மார்கழிப் பனி தொடங்கியதும் சம்பா, தாளடிப் பயிர்களில் குலை நோய் தலைகாட்டுவதுண்டு. இரவின் குளிர்ச்சியும், காலையில் நெடுநேரம் இலைமீது தங்கும் பனிநீரும் அந்நோயை உண்டாக்கும் காளானுக்கு மிகவும் அனுகூலமானவை. 1919ஆம் வருஷத்தில் தஞ்சை டெல்டாவில் இந்நோயினால் நேர்ந்த பெருஞ்சேதம் இந்திய நெல் விவசாய சரித்திரத்தில் பிரசித்தமானது. அதே வயல்களில் செம்புள்ளி நோயும் காணப்படலாம். 1942ஆம் வருஷத்தில் வங்காளத்து நெற்பயிரைத் தாக்கி, மறுவருஷப் பஞ்சத்திற்குரிய காரணங்களில் ஒன்றாகக் கூறப்படுவது அந்நோயே.

இவ்விரண்டையும் பிரித்தறிவதில் விவசாயியின் லாப நஷ்டம் அடங்கியிருக்கிறது. குலை நோய் தழைச்சத்து மிகுதியால் உக்கிரமடைவது. செம்புள்ளி நோயோ பெரும்பாலும் சாரமற்ற நிலத்திலும், சாம்பல் சத்துக் குறைந்த நிலத்திலும் மெலிந்து நிற்கும் பயிரைப் பற்றுவது. குலை நோயைச் செம்புள்ளி என மயங்கி, பயிருக்கு ஊட்டம் போதவில்லையென்று யூரியாவை வாரி இறைப்பவர், நோய்க்குத் தாமே தீனியிட்டவராவார். செம்புள்ளியைக் குலை நோய் எனக் கொண்டு மருந்து தெளிப்பவருக்கோ பணமும் கூலியும் வீண். நிலத்தின் குறை தீராமலே நிற்கும்.

முதிர்ந்த நிலையில் குலை நோய்ப்புள்ளி இருமுனையும் கூரிய கண் போன்றும், நடுவில் சாம்பல் நிறமாயும் இருக்கும். செம்புள்ளி எள் வடிவில் பழுப்பாக இருக்கும். இளம்பருவத்தில் இவை ஒன்றுபோலவே தோன்றும். அப்பொழுது காளான் வித்துக்களே சாட்சி. குலை நோயின் வித்து நிறமற்றது, பேரிக்காய் வடிவினது, மூன்று அறைகளுடையது, ஏறக்குறைய 20 மைக்ரான் நீளமுள்ளது. செம்புள்ளியின் வித்து பழுப்பு நிறமானது, சற்றே வளைந்தது, பல அறைகளுடையது, அதனினும் பன்மடங்கு நீண்டது.

இவ்வித்துக்களை நுண்ணோக்கியில் பொருத்திய டிஜிட்டல் காமிராவினால் படமெடுத்தால், தொலைவிலுள்ள நிபுணரிடமும் அதே நாளில் காட்டி அபிப்பிராயம் பெறலாம். ஆயின், காமிராவைச் சரிவர ஒழுங்கு செய்யாத படம் உதவுவதற்குப் பதிலாக ஏமாற்றிவிடும்.

மாதிரி தயாரித்தல்

புள்ளியுள்ள இலைத்துண்டை ஈரத்தாளில் வைத்து, மூடிய பெட்டியில் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். மறுநாள் தெளிவான ஒட்டுநாடாவைப் புள்ளியின்மேல் அழுத்தி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி நீரின்மீது படியவைக்க வேண்டும். முதலில் 10 மடங்கு லென்ஸினாலும், பிறகு 40 மடங்கு லென்ஸினாலும் கண்ணாலேயே பார்த்துத் தெளிவு செய்துகொள்க. நிறமற்ற வித்து பளீரென்ற வெளிச்சத்தில் மறைந்துபோகும். ஆதலால் மேடையின் கீழுள்ள ஒளித்துவாரத்தைச் சிறிது குறுக்குவது அவசியம்.

எக்ஸ்போஷர்

காமிரா ஒளியை ஏற்கும் நேரமே எக்ஸ்போஷர் எனப்படும். இதைத் தானியங்கியாக விடலாகாது. தானியங்கி முழுப்படத்தின் சராசரி வெளிச்சத்தையே கணக்கிடும். கரிய இலைத்துணுக்கு பாதிப்படத்தை அடைத்துக்கொண்டால், இருட்டென்று எண்ணி எக்ஸ்போஷரைக் கூட்டும். உடனே வித்துக்கள் வெண்மையில் கரைந்துபோகும். நோய் இருக்கவும் ‘வித்து இல்லை’ என்ற தீர்ப்பு உண்டாவது இவ்வாறே.

ஆதலின் தானியங்கியை நிறுத்துக. கெயின் என்னும் மின்பெருக்கத்தை மிகக் குறைந்த அளவில் வைக்க. அது கூடினால் படமெங்கும் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். பிறகு, வெறுமையான பின்புலம் 0 முதல் 255 வரையுள்ள அளவில் 220க்கும் 240க்கும் இடையே நிற்குமாறு எக்ஸ்போஷரைத் திருத்துக. ஒளிப்பரவல் வரைபடம் வலப்புறச் சுவரில் முட்டினால் அப்பகுதியின் விவரம் அழிந்தது. பின்னர்க் கம்ப்யூட்டரில் எவ்வளவு இருட்டாக்கினும் அது திரும்பாது. படத்தில் குறுக்குப் பட்டைகள் ஓடினால், அது மின்விளக்கின் துடிப்பினால் நேர்வது. நம் நாட்டு மின்சாரத்தில் அத்துடிப்பு விநாடிக்கு 100 முறை. ஆகவே எக்ஸ்போஷரை 1/100 அல்லது 1/50 விநாடியாக வைத்து, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

நிறமும் கூர்மையும்

ஹாலஜன் விளக்கைத் தணித்தால் ஒளி மஞ்சளாகும். நிறமற்ற வித்தும் பழுப்பாகத் தோன்றி, குலை நோய் செம்புள்ளியாகிவிடும். இதைத் தவிர்க்க, மாதிரியில்லாத வெற்றிடத்தைக் காட்டி ஒயிட் பாலன்ஸ் என்னும் வெண்மைச் சீரை ஒருமுறை அமைத்து, அதை நிலைநிறுத்த வேண்டும். விளக்கை மாற்றினால் மறுபடி அமைக்க வேண்டும். நிறச்செறிவையும் கூர்மையையும் மிகுத்து வைப்பது தவறு. மிகைக் கூர்மை பொய் விளிம்புகளை உண்டாக்கும். அறைகளின் எண்ணிக்கையும் பிசகும்.

அளவு

ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாக்கிய அளவுச்சில்லின் ஒவ்வொரு கோடும் 10 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸிலும் அதை ஒருமுறை படமெடுத்து வைத்தால் வித்தின் நீளம் ஐயமற விளங்கும். நிறம் பிசகினாலும் அளவு பொய் சொல்லாது.

கிராம நிர்வாக அலுவலர்களும் பயிர்ச்சேதம் பார்வையிடுவோரும் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். திருத்தாத மூலப்படத்தைத் தேதி, கிராமம், சர்வே எண், நெல் ரகம் ஆகிய குறிப்புகளுடன் பத்திரப்படுத்த வேண்டும். திருத்திய படம் வேண்டுமாயின் தனியே வைக்கலாம். 1922ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்று இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் ஆடுதுறை நிலையம் இவ்வட்டாரத்தார்க்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. ஐயம் நேரின் படத்தோடு நில்லாது, நோயுற்ற இலையையும் அங்கே கொண்டு காட்டுவது உத்தமம். நோய் இன்னதென்று தெளியும்வரை யூரியா மூட்டையைப் பிரிக்காதிருத்தலே விவசாயிகள் முதலாவதாகக் கைக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதையாகும்.